வதந்தி மூட்டும் தீ

மாணவர்களே, ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள்.

இரவு எட்டு மணி. தஞ்சோங் காராங் இரவுச் சந்தையில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது குறித்து இரண்டு இளைஞர்களுக்கிடையே வாய்த்தகராறு எழுகிறது. இருவரும் வெவ்வேறு இனத்தவர். தள்ளுமுள்ளில் ஒருவன் கீழே விழுகிறான், நெற்றியில் காயம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால், அரை மணி நேரம் கழித்து, பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்பில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு குரல்பதிவு வந்து சேர்கிறது.

"நம்ம பையன அவனுங்க அடிச்சே கொன்னுட்டானுங்க. எல்லாருக்கும் அனுப்புங்க. நம்ம ஆளுங்க உடனே கிளம்பி வாங்க."

குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பேசுபவர் அழுதுகொண்டே பேசுகிறார். அவளுடைய நெஞ்சு படபடக்கிறது. விரல், 'பகிர்' என்னும் பொத்தானின்மேல் வந்து நிற்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இதைப் போன்ற ஒரு கணம் வரலாற்றில் பலமுறை வந்திருக்கிறது. அப்போது கைப்பேசி இல்லை. வாய்ச்சொல்லும் நாளிதழும் இருந்தன. அந்தக் கணத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே ஊர்கள் பிழைத்தன அல்லது எரிந்தன.

வட சிலாங்கூரில் ராஜா மூசா காட்டுப் பகுதியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலை, வேர், மரம் எல்லாம் பல காலம் மட்கிச் சேர்ந்த சதுப்பு மண் அது. வறட்சிக் காலத்தில் அந்த மண்ணே தீப்பிடிக்கும். மேலே தெரியும் தீயை அணைத்துவிட்டாலும், அடியில் கனன்று பரவி வேறோர் இடத்தில் புகை கிளம்பும். சிறுபான்மையினர்மீது கும்பல்கள் நடத்திய வன்முறையும் அப்படிப்பட்டதே. கல் எறியப்படும் நாளில் அது தொடங்குவதில்லை. அதற்கு வெகு காலம் முன்பே, மக்கள் மனத்துக்கு அடியில் அது கனன்றுகொண்டிருக்கும். அத்தகைய சில நிகழ்வுகளை இப்பாடத்தில் காண்போம்.

கிணற்றில் நஞ்சு

ஐரோப்பாவில் யூதர்கள் பல நூற்றாண்டுகளாகச் சிறுபான்மையினராக வாழ்ந்து வந்தனர். பல இடங்களில் அவர்கள் நிலம் வாங்கவும் கைத்தொழிற் சங்கங்களில் சேரவும் தடை இருந்தது. அதனால் சிலர் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலை மேற்கொண்டனர். வேறு வழியை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரே வழியில் சென்றதற்காகவே அவர்களை மக்கள் வெறுத்தனர்.

1348 ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கொடிய கொள்ளைநோய் பரவியது. நோய் எப்படி வருகிறது என்று அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. 'யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள்' என்ற வதந்தி கிளம்பியது. திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் அதை மறுத்து ஆணை வெளியிட்டார். அவர் காட்டிய காரணம் எளிமையானது: யூதர்களும் இதே நோயால் மடிகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவுகிறது. ஆனால், கோபத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

ஸ்திராஸ்பூர்க் நகரத்தில் யூதர்களைக் காக்க முயன்ற நகர மன்றத்தினர் பதவியிலிருந்து இறக்கப்பட்டனர். 1349 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 ஆம் நாள் நூற்றுக்கணக்கான யூதர்கள் அங்கே எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுக்குத் தரவேண்டிய கடன்கள் நீக்கப்பட்டன. அவர்களுடைய பணம் பங்கிடப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நாளில் கொள்ளைநோய் ஸ்திராஸ்பூர்க் நகரத்தை இன்னும் வந்தடையவே இல்லை.

கிஷினேவ், 1903

ஐந்தரை நூற்றாண்டுகள் கழிந்தன. இன்று மால்டோவா நாட்டின் தலைநகராக விளங்கும் கிஷினேவ் நகரம் அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்தது. அதன் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் யூதர்கள். 1903 ஆம் ஆண்டு தொடக்கத்தில், அருகிலிருந்த துபோசாரி என்னும் ஊரில் ஒரு சிறுவன் கொலையுண்டு கிடந்தான். யூதர்கள் சமயச் சடங்குக்காக அவனைக் கொன்றனர் என்று உள்ளூர் நாளிதழ் ஒன்று மீண்டும் மீண்டும் எழுதியது. கொலை செய்தவர் சிறுவனின் உறவினரே என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆனால், உண்மை நடந்து வருவதற்குள் பொய் ஓடிவிட்டது.

ஏப்ரல் மாதம், ஈஸ்டர் பெருநாளன்று கும்பல்கள் யூதர்களின் வீடுகளுக்குள் புகுந்தன. 49 யூதர்கள் கொல்லப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர், நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. நகரத்தில் காவலரும் இருந்தனர், படைவீரரும் இருந்தனர். இரண்டாம் நாள் மாலை வரையில் அவர்கள் உறுதியாகத் தலையிடவில்லை. இத்தகைய தாக்குதலைக் குறிக்கும் 'பொக்ரோம்' என்னும் ரஷ்யச் சொல் உலகெங்கும் பரவியது.

1938 ஆம் ஆண்டு ஜெர்மனியில் அரசே கும்பலை ஏவியது. பாரிஸ் நகரில் ஒரு யூத இளைஞன் ஜெர்மானியத் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். அந்த ஒருவனுடைய செயலுக்காக, நவம்பர் 9 ஆம் நாள் இரவு நாடெங்கும் இருந்த யூதர்களின் வழிபாட்டு இல்லங்கள் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கடைகள் நொறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆடவர் கைது செய்யப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். தடுக்க வேண்டியவர்களே தூண்டியபோது, அது அந்த இரவோடு நிற்கவில்லை. அடுத்த ஏழு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

டர்பன், 1949

'இவையெல்லாம் ஐரோப்பாவின் கதைகள்தாமே' என்று நீங்கள் எண்ணலாம். தமிழர் வாழ்விலும் இத்தீ பற்றியிருக்கிறது.

நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களுக்கு வந்ததைப் போலவே, தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்களின் வழியினரும் பின்னர் வந்தவர்களும் அந்நகரில் பெருகினர். பெரும்பாலோர் ஏழைகள், சிலர் கடையும் பேருந்தும் நடத்தினர். வெள்ளையர் அரசு கறுப்பின மக்களின் நிலத்தையும் தொழில் உரிமையையும் பறித்திருந்தது. அந்த அரசின்மீது எழ வேண்டிய கோபம், கண்ணெதிரே இருந்த இந்தியக் கடைக்காரர்மீதும் பேருந்துக்காரர்மீதும் திரும்பிக் கனன்றுகொண்டிருந்தது.

1949 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள், டர்பன் கடைத்தெருவில் ஓர் இந்தியர் பதினான்கு வயதுடைய கறுப்பினச் சிறுவனை அடித்தார். சிறுவனின் தலை கண்ணாடியில் மோதி இரத்தம் வழிந்தது. அது தவறான செயல். சட்டம் தண்டிக்க வேண்டிய செயல். ஆனால், வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தினரிடையே, 'சிறுவனைக் கொன்றுவிட்டார்கள்' என்ற செய்தி பரவியது. சிறுவன் இறக்கவில்லை. வதந்தி அதைக் கேட்க நிற்கவில்லை. மறுநாள் நகரின் பல பகுதிகளில் இந்தியர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கலவரம் அடங்கியபோது 142 பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களில் ஐம்பதுபேர் இந்தியர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அம்மக்களில் பலர் காவல் துறையும் படையும் சுட்டதில் இறந்தனர். ஒடுக்கப்பட்ட இரு சமூகங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதில் ஆதாயம் அடைந்தவர் வேறெவரோ.

கொழும்பு, 1983

மலாயாத் தோட்டங்களில் 'கிராணி' என்று அழைக்கப்பட்ட எழுத்தர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அதனால், 1983 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் இலங்கையிலிருந்து வந்த செய்தி, இந்நாட்டில் இருந்த பல குடும்பங்களுக்குச் சொந்த வீட்டுச் செய்தி ஆயிற்று.

இலங்கையில் தமிழர்கள் சிறுபான்மையினர். 1956, 1958, 1977 ஆகிய ஆண்டுகளிலும் அவர்களுக்கு எதிரான வன்முறைகள் நடந்திருந்தன. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1983 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் படைவீரர் பதின்மூவர் மாண்டனர். மறுநாள் மாலை அவர்களுடைய உடல்களை அடக்கம் செய்யக் கொழும்பு பொரளை இடுகாட்டில் பெருங்கூட்டம் கூடியது. உடல்கள் வரத் தாமதமாயிற்று. காத்திருந்தவர்களின் துயரம் கோபமாக மாறியது. அன்றிரவே அருகிலிருந்த தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின.

ஆனால், அடுத்த நாட்களில் நடந்தவற்றைத் திடீர்க் கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது. கும்பல்களில் சிலவற்றின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் வாழ்கின்றனர் என்று பார்த்துப் பார்த்து எரித்தனர். காவலர் பல இடங்களில் வேடிக்கை பார்த்தனர். வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலிலேயே இருந்த 53 தமிழ்க் கைதிகள் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் கொல்லப்பட்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா என மலையகத்துக்கும் தீ பரவியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் நடந்த தாக்குதலுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. அவர்கள் பேசிய மொழி ஒன்றே அவர்கள் செய்த 'குற்றம்'.

ஜூலை 28 ஆம் நாள் அதிபர் ஜெயவர்தனா தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் உரையாற்றினார். வீடிழந்து முகாமில் இருந்த தமிழர்களுக்கு அவ்வுரையில் ஓர் ஆறுதல் சொல்லும் இல்லை. இறந்தோர் தொகை நானூற்றுக்கும் குறைவு என்றது அரசு. மூவாயிரம் வரை இருக்கும் என்பன பிற கணக்குகள். பல்லாயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். கலவரத்தைத் தொடர்ந்து வந்த போர் 2009 ஆம் ஆண்டு வரை நீண்டது. 2004 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் அதிபர் சந்திரிகா குமாரதுங்க நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதற்கு இருபத்தோர் ஆண்டுகள் ஆயின.

கும்பல் எப்போதும் 'மற்றவர்' அல்லர்

இவற்றைப் படித்ததும், 'நாம் பாதிக்கப்பட்டவர்கள். அவர்கள் கொடியவர்கள்' என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அம்முடிவு தவறானது. நம் முன்னோர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்கு அருகில் கீழவெண்மணி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே நெல்வயல்களில் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்கள் கூலியைச் சற்று உயர்த்தித் தருமாறு கேட்டனர். 1968 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, நிலக்கிழாரின் ஆட்கள் ஊருக்குள் புகுந்தனர். அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையோடு எரிக்கப்பட்டனர். எரித்தவர்களும் தமிழர், எரிந்தவர்களும் தமிழர்.

எந்த இனத்துக்கும் எந்தச் சமயத்துக்கும் கும்பல் சொந்தமன்று. அதில் சேர்வதற்கான வாய்ப்பு எல்லாருக்கும் வருகிறது. ஆகவேதான் இப்பாடம் எல்லாருக்கும் வேண்டியதாகிறது.

ஒரே பாதை

இந்நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், தீ பெரும்பாலும் ஒரே பாதையில் செல்வது தெரியும்.

முதலில், ஒரு சமூகத்தைப் பற்றிய வெறுப்பு நெடுங்காலமாகப் பேச்சில் ஊறிக் கிடக்கிறது. கேலிப் பேச்சு, பட்டப்பெயர், 'அவர்களே அப்படித்தான்' என்னும் சொல் ஆகியவை அதன் வடிவங்கள்.

இரண்டாவதாக, ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அல்லது நடந்ததாகச் சொல்லப்படுகிறது. உண்மை என்ன என்று எவரும் விசாரிப்பதில்லை.

மூன்றாவதாக, ஒருவர் செய்த செயல் ஓர் இனம் முழுவதும் செய்த செயலாகிவிடுகிறது. 'அவன்' என்பது 'அவர்கள்' என்று மாறுகிறது. இந்தச் சிறிய சொல் மாற்றத்தில்தான் பெரும் ஆபத்து உள்ளது.

நான்காவதாக, தடுக்க வேண்டியவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள், அல்லது அவர்களே தூண்டுகிறார்கள். கூட்டத்தில் கலந்தவருக்கோ தம் முகம் மறைந்துவிட்டதாக ஒரு துணிவு வருகிறது. தனியாக இருக்கையில் ஒரு பூனையைக்கூட அடிக்காதவரும் கூட்டத்தில் கல்லெடுக்கிறார். 'எல்லாரும்தானே செய்தார்கள்' என்பதே பிறகு அவர் சொல்லும் சமாதானம்.

கதவைத் திறந்தவர்கள்

ஆனால், அதே நாட்களில் வேறொன்றும் நடந்தது. 1983 ஆம் ஆண்டு கொழும்பில் சிங்களக் குடும்பங்கள் பல, அண்டை வீட்டுத் தமிழர்களைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்தன. கும்பல் வாசலுக்கு வந்து கேட்டபோது, 'இங்கே தமிழர் எவரும் இல்லை' என்று தம் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னவர்கள் உண்டு. இன்று உயிரோடு இருக்கும் தமிழர் பலர், பெயர் வெளியில் தெரியாத அத்தகைய ஒருவருக்குக் கடன்பட்டவர்களே. டர்பனிலும் இந்தியர்களைத் தம் குடிசைகளில் மறைத்துக் காத்த கறுப்பின மக்கள் இருந்தனர். கலவரம் ஓய்ந்தபின், ஆப்பிரிக்கத் தலைவர்களும் டாக்டர் மாண்டி நாயக்கர் போன்ற இந்தியத் தலைவர்களும் பகையை வளர்க்கவில்லை. சேர்ந்து அமர்ந்து பேசினர். மூன்றே ஆண்டுகளில், 1952 ஆம் ஆண்டு, இரு சமூகத்தினரும் தோளோடு தோள் நின்று அநீதிச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்றனர்.

கும்பலுக்கு எதிராக நின்றவர்களில் பலர் வீரர்கள் அல்லர். அவர்களுக்கு அண்டை வீட்டாரின் பெயர் தெரிந்திருந்தது. அவர்கள் வீட்டுச் சோற்றை உண்டிருந்தார்கள். 'அவர்கள்' என்று கூட்டம் கத்தியபோது, இவர்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

நம் நாட்டில்

நம் நாடும் இத்தீயைக் கண்டிருக்கிறது. 1969 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 196 பேர் உயிரிழந்தனர். அந்த வேதனையிலிருந்து பிறந்ததே ருக்குன் நெகாரா. 1970 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட அந்த ஐந்து கோட்பாடுகளை நீங்கள் பள்ளிச் சபைகூடலில் சொல்லி வருகிறீர்கள். 'சட்டத்தின் ஆட்சி' என்று நாம் சொல்லும்போது, ஒருவர் செய்த தவற்றுக்கு அவரை மட்டுமே, விசாரித்த பிறகே தண்டிக்க வேண்டும் என்று உறுதி கூறுகிறோம். கும்பல் செய்வது அதற்கு நேர் எதிரானது.

இன்று பொய்ச் செய்தியைப் பகிரும் முன் சரிபார்க்க வழி உண்டு. 2017 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'செபெனார்ஞா' என்னும் அரசாங்க அகப்பக்கம், பரவிவரும் செய்திகள் உண்மையா என்று விளக்குகிறது. ஆனால், எல்லாவற்றுக்கும் முன்னால் நம் மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும்: 'இதைச் சொல்பவர் நேரில் பார்த்தாரா?'

விரல் நுனியில்

இனி, அந்த மாணவியிடம் திரும்புவோம். விரல் இன்னும் பொத்தானின்மேல்தான் நிற்கிறது. அவளுடைய மாமா ஒருவர் அந்தச் சந்தையில் முறுக்குக் கடை போட்டிருப்பது அவளுக்கு நினைவு வருகிறது. அவரை அழைக்கிறாள்.

"மாமா, அங்க யாரையோ கொன்னுட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பசங்க மோட்டார் வைக்கிறதுல சண்ட போட்டுக்கிட்டானுங்க. நம்ம பையனுக்கு நெத்தியில காயம். பக்கத்துக் கடை பாக்சிக்தான் அவனக் காடியில ஏத்தி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. இப்ப வந்துட்டான், இங்கதான் உக்காந்து தண்ணி குடிக்கிறான்."

அவள் குரல்பதிவை அழிக்கிறாள். பிறகு குழுவில் எழுதுகிறாள்: 'விசாரித்துவிட்டேன். யாரும் இறக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.'

அன்றிரவு ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காமற்போன கலவரத்தை எந்த வரலாற்று நூலும் எழுதுவதில்லை.

சிந்திக்க

1. ஸ்திராஸ்பூர்க், கிஷினேவ், டர்பன் ஆகிய மூன்று நகரங்களிலும் பரவிய வதந்திகள் யாவை? ஒவ்வொன்றின் உண்மை நிலை என்ன?

2. 'அவன் என்பது அவர்கள் என்று மாறுகிறது' என்னும் கூற்றைக் கொழும்பு நிகழ்வைக் கொண்டு விளக்குக.

3. கீழவெண்மணி நிகழ்வை ஆசிரியர் இப்பாடத்தில் சேர்த்ததன் காரணம் யாது?

4. உங்கள் வகுப்பிலோ குடியிருப்பிலோ ஒரு சமூகத்தைக் கேலி செய்து வழங்கும் சொல் ஏதேனும் உண்டா? அதைக் கேட்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.